கார் ஏசி கூலிங் கம்மியாயிடுச்சா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துட்டுப் போங்க

வடசென்னைல தண்டையார்பேட்டைலேந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போற வழில, மதியம் ஒரு மணிக்கு ரெண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி நிக்கிற நேரத்துல கார் ஏசி வெறும் காத்து அடிச்சா எப்படி இருக்கும்னு இந்தப் பக்கம் வண்டி ஓட்றவங்களுக்கு சொல்லவே வேணாம். கண்ணாடிய இறக்கினா புகையும் தூசியும் மூஞ்சில அடிக்கும், ஏத்தினா வேர்த்து ஊத்தும். எங்க அம்மாவுக்கு வீசிங் இருக்கு, மாசம் ஒருதடவ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு செக்கப் கூட்டிட்டுப் போகணும், கண்ணாடிய இறக்கிட்டுப் போனா திரும்பி வர்றதுக்குள்ள இழுப்பு வந்துடும். அதனால எங்க வீட்டுல கார் ஏசிய சொகுசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

என் வண்டி 2013 மாடல் வேகன்ஆர், செகண்ட்ஸ்ல வாங்கினது. ரெண்டு கோடைல மூணு தடவ ஒரே கடைல "கேஸ் கம்மியா இருக்கு சார்"னு சொல்லி கேஸ் போட்டாங்க, தடவைக்கு 1,200 ரூபா. போட்டதும் ரெண்டு மூணு வாரம் ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவ திறடி கதைதான். நாலாவது தடவ வண்ணாரப்பேட்டை பக்கம் வயசான பாய் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், அவரு கம்ப்ரஸர்கிட்ட வர்ற பைப் ஜாயிண்ட்லேந்து ஒரு ஓ-ரிங்க கழட்டி என் உள்ளங்கைல வெச்சாரு, காஞ்சி வெடிச்சிப் போயிருந்துச்சி. அந்த ரப்பர் வளையம் 30 ரூபா. அத யாரும் பாக்காததால 3,600 ரூபா காத்துல போயிருக்கு. புதுசா கார் வாங்கினவங்களுக்கும், மொதல் தடவ ஏசி மெக்கானிக்கிட்ட போறவங்களுக்கும் அந்த மாதிரி காசு போகக்கூடாதுன்னுதான் இத உக்காந்து டைப் பண்றேன்.

ஒரே ஒரு விஷயத்த மொதல்ல மனசுல வெச்சிக்கங்க, மத்ததெல்லாம் இதுலேந்துதான் வரும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் கெடையாது. மூடின பைப்புக்குள்ளயே சுத்தி சுத்தி வரும். கம்ப்ரஸர் அத அமுக்கி சூடாக்கும், வண்டி மூக்குல இருக்கற கண்டென்சர்ல அந்த சூடு வெளிய போயி கேஸ் லிக்விடா மாறும், எக்ஸ்பேன்ஷன் வால்வோட குட்டி ஓட்ட வழியா டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயிலுக்குள்ள வந்ததும் பிரஷர் டக்குனு எறங்கி கொதிச்சி ஆவியாகும், அப்ப காயில் மேல போற காத்துல இருக்கற சூட்ட எல்லாம் உறிஞ்சிடும். நம்ம ஊர்ல ஓட்ற பெரும்பாலான கார்ல இருக்கறது ஆர்134ஏன்ற கேஸ், அது வெளிய விட்டா மைனஸ் 26 டிகிரிலயே கொதிக்கும், அதான் அவ்ளோ ஜில்லு. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியா வருஷக்கணக்குல கொஞ்சூண்டு கசியறது சகஜம், ஆறேழு வருஷம் கழிச்சி கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னா ஒத்துக்கலாம். ஆனா போன வருஷம் போட்டு இந்த வருஷம் காலின்னா எங்கயோ ஓட்ட இருக்கு, அந்த ஓட்டய கண்டுபுடிக்காம மறுபடி கேஸ் போடறது ஓட்டக் குடத்துல தண்ணி புடிக்கற மாதிரி.

வீட்டு வாசல்லயே செய்ய வேண்டியது

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கங்க, வயர் நீட்டிட்டு இருக்குமே அந்த டைப், ரிச்சி ஸ்ட்ரீட்ல நான் 180 ரூபாய்க்கு வாங்கினேன். "கூலிங் பத்தல"ன்னு சொன்னா மெக்கானிக் ஆயிரம் காரணம் சொல்லலாம், "நடு வென்ட்ல 18 டிகிரி வருது"ன்னு சொன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும். வண்டிய நெழல்ல நிறுத்தி கதவெல்லாம் தொறந்து உள்ள இருக்கற அனல வெளிய விட்டுட்டு, கண்ணாடிய ஏத்தி, ஏசி பட்டன ஆன் பண்ணி, டெம்பரேச்சர் திருக ஃபுல் கூல்ல வெச்சி, வெளிக்காத்து உள்ள வராத ரீசர்குலேஷன் மோட போட்டு, பத்து நிமிஷம் ரோட்டுல ஓட்டிட்டு நடு வென்ட்ல தெர்மாமீட்டர சொருகி பாருங்க. வெளிய 35 டிகிரி வெயில்ல 7லேந்து 12 டிகிரி வரைக்கும் வந்தா ஏசில கோளாறு இல்லன்னு அர்த்தம். 15க்கு மேல போனா பாக்கணும். இந்த நம்பர தேதியோட எழுதி வெச்சிக்கங்க, கடைசில இது உதவும்.

மூடின கராஜ்லயோ அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்லயோ இஞ்சின ஓட விட்டு உள்ள உக்காந்து இத செய்யாதீங்க. புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது, தூங்கறாப்ல இருக்கும்போதே ஆள கொன்னுடும்.

அடுத்தது, காத்து கம்மியா வருதா, இல்ல காத்து நல்லா வந்து ஜில்லு மட்டும் இல்லையா? இந்த ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சாலே பாதி காசு மிச்சம்.

ப்ளோயர நாலுல வெச்சும் காத்து மெதுவா வருதுன்னா கேஸ பத்தி யோசிக்கவே வேணாம், கேபின் ஃபில்டர்தான். முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கற க்ளவ் பாக்ஸ ரெண்டு பக்கமும் அமுக்கி இறக்கினா பின்னாடி ஒரு சின்ன மூடி இருக்கும், நெறைய கார்ல டூல்ஸே வேணாம். எங்க பக்கம் லாரி தூசி, நிலக்கரி தூசி, எண்ணூர்ல சாம்பல்னு எல்லாமே காத்துல இருக்கு, சர்வீஸ் புக்ல போட்டிருக்கற கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆறு மாசத்துக்கு ஒருதடவ கழட்டி பாருங்க. நான் வாங்கினது 280 ரூபா. ஒரு முக்கியமான விஷயம், பழைய சின்ன கார் சிலதுல, அதுவும் கம்மி வேரியண்ட்ல, கம்பெனியே ஃபில்டர் குடுத்திருக்க மாட்டாங்க, எடம் மட்டும் காலியா இருக்கும். அப்படி ஓடின வண்டில தூசி பூரா நேரா கூலிங் காயில்ல போயி ஒட்டியிருக்கும், ஈரத்தோட சேர்ந்து சேறு மாதிரி ஆயிடும், வாடையும் வரும். அந்த ஃபில்டர தனியா வாங்கி போட முடியும்னா இன்னைக்கே போட்டுருங்க.

ஆரம்பத்துல நல்லா ஜில்லுன்னு வந்து அரை மணி நேரம் கழிச்சி காத்தே நின்னு போற மாதிரி ஆகி, ஏசிய அஞ்சி நிமிஷம் ஆஃப் பண்ணி வெச்சா மறுபடி வருதா? காயில்ல ஐஸ் கட்டுதுன்னு அர்த்தம். ஃபில்டர் அடைப்போ, காயில் டெம்பரேச்சர் சென்சாரோ காரணமா இருக்கலாம், கேஸ் கம்மியா இருந்தாலும் சில சமயம் இப்படி ஆகும். ஃபில்டர மாத்தியும் நிக்கலன்னா கடைக்கு போங்க.

காத்து நல்லா வருது, ஆனா ஓடும்போது ஜில்லு, சிக்னல்ல நின்னா சூடு. இது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், நிறைய பேர் இதுக்குத்தான் தேவையில்லாம கேஸ் போட்டுட்டு வர்றாங்க. வண்டி ஓடும்போது எதிர்காத்து கண்டென்சர ஆத்திடும், நிக்கும்போது அந்த வேலைய ஃபேன் செய்யணும். ஏசிய ஆன் பண்ணி பானெட்ட தொறந்து பாருங்க, முன்னாடி இருக்கற ஃபேன் சுத்துதா? சில வண்டில விட்டு விட்டு சுத்தும், ரெண்டு மூணு நிமிஷம் நின்னு பாருங்க, கைய மட்டும் உள்ள விடாதீங்க, திடீர்னு சுத்த ஆரம்பிக்கும். சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் இந்த வரிசைல பாக்கச் சொல்லுங்க. ரிலே வெல ரொம்ப கம்மி, ஃபேன் மோட்டார் அத விட பல மடங்கு, அதனால நேரா மோட்டார மாத்தறேன்னு சொன்னா மோட்டாருக்கு நேரடியா கரண்ட் குடுத்து காட்ட சொல்லுங்க, சுத்துச்சின்னா மோட்டார் நல்லாருக்கு.

ஃபேன் சுத்துதா? அப்ப கண்டென்சர பாருங்க. பம்பருக்கு பின்னாடி ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற அலுமினிய ஜாலி அதான். பூச்சி, மண்ணு, பிளாஸ்டிக் கவர்னு ஒட்டிட்டு இருக்கும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் நெறைய சேர்ந்திருக்கும், வெளிலேந்து பாத்தா தெரியாது. இஞ்சின் ஆறினப்பறம் சாதா ஓஸ் பைப்ல, முடிஞ்சா உள்பக்கத்துலேந்து வெளிப்பக்கமா, பொறுமையா தண்ணி விடுங்க. வாட்டர் வாஷ்ல அடிக்கற ஹை பிரஷர் கன்ன கிட்ட வெச்சி அடிக்க விடாதீங்க, அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கி படுத்துக்கும், அப்புறம் காத்தே போகாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு கடல ஒட்டி வண்டி நிறுத்தறவங்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கு, உப்புக்காத்து அலுமினியத்த அரிச்சி தொட்டா உதிர்ற மாதிரி ஆக்கிடும், வெள்ளை வெள்ளையா பூத்திருக்கும். நல்ல தண்ணில மாசம் ஒருதடவ அலம்பி விட்டா அந்த அரிப்பு ரொம்ப தள்ளிப் போகும், உப்புத்தண்ணி போர்ல அலம்பாதீங்க. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு வென்ட் டெம்பரேச்சர் 17லேந்து 11க்கு வந்தது இந்த அலம்பல்லதான், செலவு ஒரு பக்கெட் தண்ணி.

கம்ப்ரஸர் வேலை செய்ய ஆரம்பிக்குதான்னும் பாத்துருங்க. ஏசி பட்டன அமுக்கினதும் டக்குனு ஒரு சத்தம், இஞ்சின் கொஞ்சம் எறங்கி ஏறும், அதான் கம்ப்ரஸர இஞ்சினோட சேக்கற கிளட்ச் புடிக்கற அடையாளம். வராம போனா எலக்ட்ரிக்கலா இருக்கலாம், கேஸ் ரொம்ப கம்மியாகி பிரஷர் சுவிட்ச் தடுத்து வெச்சிருக்கவும் செய்யலாம். கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸர் வர்ற வண்டிங்க இப்ப நெறைய இருக்கு, அதுல இந்த டக் சத்தத்த எதிர்பாக்காதீங்க.

எந்த கடைக்கு போறது

வாரண்டி இருந்தா, எக்ஸ்டெண்டட் வாரண்டியா இருந்தாலும், வெளி ஆள கை வைக்க விடாதீங்க, கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். எலக்ட்ரிக் காரும் ஸ்ட்ராங் ஹைபிரிடும் வெச்சிருக்கவங்களும் அப்படித்தான், அதுல கம்ப்ரஸர் ஹை வோல்டேஜ்ல ஓடும், அதுக்கு தனி ஆயில், சாதா கார் ஆயில ஊத்தினா கரண்ட் லீக் ஆகற ஆபத்து இருக்கு, உயிர் விஷயம்.

மத்தவங்க கார் ஏசி மட்டுமே பாக்கற தனி கடைக்கு போங்க. எல்லா வேலையும் செய்யற பொது மெக்கானிக் நல்லவரா இருந்தாலும் இதுக்கு வேண்டிய சாமான் அவர்கிட்ட இருக்காது. கடைக்குள்ள நுழைஞ்சதும் நாலு பொருள் இருக்கான்னு பாருங்க: பிரஷர் பாக்கற ரெண்டு டயல் வெச்ச கேஜ் செட், வேக்யூம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் எட போடற தராசு. தராசு இல்லாத கடைல நான் இப்பல்லாம் வண்டிய நிறுத்தறதே இல்ல. மாதவரம், மூலக்கடை பக்கம் லாரி பட்டறை நெறைய, லாரி கேபின் ஏசி பாக்கறவங்க காரும் பாப்பாங்க, வேலை சுத்தமா இருக்கும், ஆனா உங்க வண்டி மாடல் செஞ்சிருக்காங்களான்னு கேட்டுக்கங்க.

எப்ப போறதுன்றதும் காசுதான். தை, மாசில போங்க. சித்திரை கடைசில கத்திரி ஆரம்பிச்சதும் போனா கடை வாசல்ல எட்டு வண்டி நிக்கும், யாருக்கும் லீக் தேட நேரம் இருக்காது, கேஸ ஏத்தி அனுப்பிட்டு அடுத்த வண்டிய கூப்புடுவாங்க. வார நாள்ல காலைல மொதல் ஆளா போனீங்கன்னா பொறுமையா பாப்பாங்க.

கடைல நின்னு பாக்க வேண்டியது

இங்கதான் முழு கவனம் வேணும். வண்டிய விட்டுட்டு டீ குடிக்க போயிடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க, தெரியாதத கேளுங்க. வேலை தெரிஞ்சவங்க கேள்வி கேட்டா கோவப்பட மாட்டாங்க. நான் போனப்ப நடந்தத அப்படியே சொல்றேன்.

"பாய், கேஸ் போடணுமான்னு தெரியல, மூணு தடவ போட்டாச்சி, மொதல்ல லீக் இருக்கான்னு பாத்துட்டு சொல்றீங்களா"ன்னு கேட்டேன். "இன்னாபா, மூணு தடவயா, எவன்பா போட்டான்"னு கேட்டுக்கிட்டே கேஜ மாட்டினாரு. வண்டி ஆஃப்ல இருக்கும்போது கேஜ்ல 100 பிஎஸ்ஐ கிட்ட காட்டுச்சி. நான் கேஸ் ஃபுல்லா இருக்கு போலன்னு நெனச்சேன். அவரு "இத பாத்து ஏமாறாத தம்பி"ன்னாரு. பைப்புக்குள்ள கொஞ்சம் லிக்விட் இருந்தாலே போதும், வெளிய 30, 32 டிகிரி வெயில்னா அந்த பிரஷர்தான் காட்டும், பாதி இருந்தாலும் முழுசா இருந்தாலும் ஒரே நம்பர். ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு, ஆக்சிலரேட்டர கொஞ்சம் குடுத்து பாத்தாதான் கணக்கு. அப்போ லோ சைடு, அதாவது காயில்லேந்து கம்ப்ரஸருக்கு கேஸ் திரும்பி வர்ற பக்கம், 30லேந்து 45, ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர் அமுக்கி அனுப்பற பக்கம், 200லேந்து 250 பிஎஸ்ஐ பக்கத்துல இருந்தா வெயில் காலத்துல சாதாரணம், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ரெண்டுமே கீழ இருந்தா கேஸ் கம்மி. ரெண்டுமே மேல இருந்தா கேஸ் அதிகம், இல்ல கண்டென்சரோ ஃபேனோ சரியில்ல. லோ மேல ஏறி ஹை கீழ எறங்கி ரெண்டும் கிட்ட கிட்ட வந்தா கம்ப்ரஸர் அமுக்கற சக்தி போயிடுச்சின்னு சந்தேகப்படலாம். இந்த நாலு வரிய ஃபோன்ல போட்டு வெச்சிக்கங்க, அவங்க சொல்றது சரியான்னு நீங்களே பாத்துக்கலாம்.

கேஸ் கம்மின்னு தெரிஞ்சதும் லீக் டெஸ்ட். இருக்கற கேஸ மெஷின்ல புடிச்சி எடுத்துட்டு, நைட்ரஜன ஏத்தி, ஜாயிண்ட் ஜாயிண்டா சோப்பு நொரை தடவுவாங்க, எங்க குமிழி வருதோ அங்க ஓட்ட. அதுக்கு முன்னாடியே கண்ணால ஒரு ரவுண்டு பாருங்க, கேஸோட கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்துதான் சுத்துது, அதனால லீக் ஆகற எடத்துல எண்ணப்பிசுக்கா தூசி அப்பியிருக்கும். நைட்ரஜனுக்கு பதிலா பஞ்சர் கடை கம்ப்ரஸர் காத்த ஏத்தறேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நம்ம ஊர் காத்துல இருக்கற ஈரம் உள்ள போயி ஆயிலோட சேர்ந்து ஆசிட் ஆயி உள்ளுக்குள்ளயே அரிக்கும், எக்ஸ்பேன்ஷன் வால்வ் ஓட்டைல ஐஸ் கட்டி அடைக்கும்.

ஓட்ட கெடச்சி அத சரி பண்ணதும் வேக்யூம். இதுலதான் அவசர கடைங்க நேரத்த மிச்சம் புடிக்கறாங்க, அஞ்சி நிமிஷம் பம்ப ஓட்டிட்டு நிறுத்திடுவாங்க. கொறஞ்சது அரை மணி நேரம் ஓடணும், அப்பதான் உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி வெளிய வரும். பம்ப நிறுத்தினதும் வால்வ மூடி பதினஞ்சி நிமிஷம் கேஜ் முள்ள பாருங்க, அசையாம நின்னா சரி, மேல ஏறினா இன்னும் ஓட்ட இருக்கு, கேஸ் போட விடாதீங்க.

அப்புறம் எட போட்டு கேஸ். பானெட்டுக்கு அடிலயோ ரேடியேட்டர் மேல பட்டைலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் பேரும் எத்தன கிராம்னும் போட்டிருக்கும், சின்ன கார் பலதுல 300லேந்து 500 கிராமுக்குள்ள வரும். ஸ்டிக்கர் கிழிஞ்சி போயிருந்தா ஓனர் மேனுவல், இல்ல கம்பெனி சர்வீஸ்ல கேட்டு வாங்கிட்டு போங்க. "நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னு கொஞ்சம் சேத்தே போட்டிருக்கேன்"னு அன்பா சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, அதிகமானா ஹை சைடு ஏறி கூலிங் கொறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. எந்த பார்ட்ட மாத்தினாங்களோ அதுக்கேத்த அளவு ஆயிலும் சேர்க்கணும், அதயும் கேட்டுருங்க.

எனக்கு ஓ-ரிங், நைட்ரஜன் டெஸ்ட், வேக்யூம், கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 1,850 ரூபா ஆச்சி. வென்ட்ல 9 டிகிரி வந்துச்சி. அம்மா பின்னாடி சீட்டுல உக்காந்துட்டு துப்பட்டாவ போத்திக்கிட்டாங்க, அத கண்ணாடில பாத்தப்ப எனக்கு இருந்த நிம்மதி சொல்ல முடியாது.

போலி கேஸ பத்தியும் தெரிஞ்சிக்கங்க. 2011ல போலி ஆர்134ஏ ஏத்தின ரீஃபர் கண்டெய்னருங்க, அதாவது ஹார்பருக்கு மீனும் எறாலும் ஏத்திட்டு வர்ற அதே குளிர் கண்டெய்னர், வியட்நாம்லயும் பிரேசில்லயும் வெடிச்சி ஆளுங்க செத்தாங்க. அந்த போலில மெத்தில் குளோரைடு கலந்திருந்துச்சி, அது அலுமினியத்தோட சேர்ந்து காத்து பட்டா தீப்புடிக்கற பொருளா மாறும். கார் ஏசி பூரா அலுமினியம்தான். அதனால வெல ரொம்ப எறக்கி சொல்ற, லேபிள் இல்லாத டப்பா கேஸ் வேணாம், சீல் இருக்கற சிலிண்டர்லேந்து போடச் சொல்லுங்க. சமையல் கேஸ் வகைய கலந்து போடறவங்ககிட்ட நிக்கவே நிக்காதீங்க, லீக் ஆனா நம்ம உக்காந்திருக்கற எடத்துக்குள்ளதான் வரும்.

"கூலிங் காயில் போச்சி, டேஷ்போர்டு கழட்டணும்"

இத கேட்டதும் உடனே சரின்னு சொல்லாதீங்க. பார்ட்டும் லேபரும் சேர்ந்து பெரிய தொகை, எனக்கே மொதல் கடைல 9,500 சொன்னாங்க. காயில் நெஜமாவே லீக்கான்னு காட்ட சொல்லுங்க. ஏசி கேஸ் காத்த விட கனம், அதனால காயில்ல லீக் ஆனா கீழ எறங்கி தண்ணி சொட்ற ட்ரெயின் பைப் வழியா வரும், அந்த பைப் வாய்ல லீக் டிடெக்டர வெச்சா கத்தும். இல்லன்னா யுவி டைன்ற சாயத்த கேஸோட போட்டு ரெண்டு வாரம் ஓட்டிட்டு வந்தா, யுவி லைட் அடிச்சு பாக்கும்போது சொட்ற தண்ணில பச்சையா மினுங்கும். வெறும் அழுக்குதான்னா சில வண்டில டேஷ்போர்ட கழட்டாமயே ப்ளோயர் பக்கத்துலேந்து கேமரா விட்டு ஃபோம் அடிச்சி கழுவிடலாம். மாத்தியே ஆகணும்னா உங்க மாடல்ல க்ளவ் பாக்ஸ் பக்கமா எடுக்க முடியுமான்னு கேளுங்க, லேபர் நல்லா கொறையும். பழைய காயில கைல வாங்கிக்கங்க. காயில் மாத்தும்போது எக்ஸ்பேன்ஷன் வால்வயும், உள்ள இருக்கற ஈரத்த உறிஞ்சற ட்ரையரயும் சேர்த்து மாத்திடறது நல்லது, திரும்ப அவ்ளோத்தையும் கழட்ட முடியாது.

புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் கெடைக்கும், ஃபேன் மோட்டார், ப்ளோயர் மோட்டார் மாதிரி ஓட்டி பாத்து வாங்கற ஐட்டம்னா தாராளமா வாங்கலாம். பழைய கண்டென்சரும் கூலிங் காயிலும் வேணாம், ஓட்ட கண்ணுக்கு தெரியாது. பழைய கம்ப்ரஸர் கடைசி வழி. இன்னொண்ணு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்துல இந்தப் பக்கம் எக்கச்சக்கமான கார் தண்ணில நின்னுச்சி, செகண்ட்ஸ்ல வண்டி வாங்கறவங்க ப்ளோயர கழட்டி உள்ள சேறு படிஞ்சிருக்கான்னு பாத்துட்டு காச குடுங்க.

வேலை முடிஞ்சதும்

பில்லுல எத்தன கிராம் போட்டாங்க, எந்த ஜாயிண்ட்ல லீக் சரி பண்ணாங்கன்னு எழுதி வாங்குங்க, ஜிஎஸ்டி பில் வேணாம்னா கூட ஒரு பேப்பர்ல கைல எழுதி தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கிடுங்க. கடைய விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர சொருகி அந்த நம்பரயும் அதுலயே எழுதுங்க. வீட்டுக்கு வர்ற கடைசி ரெண்டு மூணு நிமிஷம் ஏசிய ஆஃப் பண்ணிட்டு ப்ளோயர மட்டும் ஓட விட்டா காயில் காஞ்சி வாடை வராது. மழைக்காலத்துலயும் வாரம் ஒருதடவ பத்து நிமிஷம் ஏசிய போட்டு ஓட்டுங்க, ஆயில் சுத்தினாதான் சீலெல்லாம் காயாம இருக்கும்.

ஒரு மாசம் கழிச்சி அதே மாதிரி நெழல்ல நிறுத்தி, அதே மாதிரி பத்து நிமிஷம் ஓட்டி, மறுபடி அளந்து பாருங்க. 9 இருந்தது 14, 15 ஆயிருந்தா கோடை முடியட்டும்னு விட்டுடாம அந்த பில்லயும் ரெண்டு நம்பரயும் எடுத்துட்டு அதே கடைக்கு போயி, கேஸ் பேச்சே எடுக்காம, லீக்க திரும்ப பாக்க சொல்லுங்க.